கப்பல் கணக்கு

காலாண்டு மார்க் வந்த கையோடு பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கம். நன்றாகப் படிப்பவர்கள் ஒரு பக்கம், மெல்லக் கற்போர் ஒரு பக்கம். கணக்கு எடுக்கும் எங்களுக்கு இந்தக் கூட்டல் மனப்பாடம்: செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16, புத்தகத்துக் கேள்விகளாக வரும் ஒரு மார்க்கில் 10, நிச்சயமான இரண்டு மார்க் கேள்விகள் ஐந்து. 36 ஆகிவிடும். பாஸுக்கு 35 போதும்.

2019-ல் அப்படிப் பிரித்தபோது இரண்டாவது குழுவில் ஒரு பெண் இருந்தாள். அப்பா காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவர். அந்தக் குழு வராந்தாவில் உட்கார்ந்து, வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைந்து பழகிக்கொண்டிருந்தது. உள்ளே மற்றவர்களுக்கு நான் முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் நடத்திக்கொண்டிருந்தேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு கப்பலுக்கு இறக்கக்கோணம் 30°, இன்னொன்றுக்கு 45°. இரண்டு கப்பலுக்கும் இடையே எவ்வளவு தூரம்? பீரியட் முடிந்து வெளியே வந்தவுடன் அவள் காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“கப்பல் கணக்கு எங்களுக்குக் கெடையாதா மிஸ்?”

“அது கஷ்டம்மா. நீ முதல்ல இதைத் தப்பில்லாம போடு.”

“கஷ்டமா இல்லையான்னு பாத்தாதானே மிஸ் தெரியும்?”

“பப்ளிக் முடியட்டும், பாத்துக்கலாம்.”

அவ்வளவுதான் பேச்சு. குரலில் கோபம் இல்லை. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் பாயசம் இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். தலையாட்டிவிட்டு மறுபடி தொடுகோடு வரையப் போய்விட்டாள்.

நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த செட் பிள்ளைகள் பட்டபாடு வேறு எந்த செட்டும் பட்டிருக்காது. அவர்கள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 2010-ல். சமச்சீர் கல்வி முதலில் வந்ததே ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும்தான், அதே வருடம். ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது. அடுத்த வருடம் மற்ற வகுப்புகளுக்குப் புத்தகம் உண்டா இல்லையா என்று வழக்கு நடந்து, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் முடிவானது. இவர்கள் சின்ன வகுப்பில் படித்தது செயல்வழிக் கற்றலில்: தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, ஏணிப்படியில் ஒவ்வொரு படியாக. அந்த முறை 2003-ல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மூன்றாம் வகுப்பில் முப்பருவ முறை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்து மெலிந்தது, மார்க் வகுப்புச் செயல்பாடுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரிந்தது, ஒரு பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். எட்டு வரை யாரும் ஃபெயில் இல்லை. ஒன்பதில் எல்லாப் புத்தகமும் புதிது. பத்திலும் புதிது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு வருடப் பாடம் முழுவதையும் ஒரே பரீட்சையில் எழுத வேண்டும். எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்று சொல்லும் புளூபிரிண்டும் கிடையாது.

புதிய புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பாடம் எட்டானது. ஆனால் உள்ளே ஆழம் கூடியிருந்தது. யோசித்துப் போட வேண்டிய கணக்குகள் இருந்தன. இப்படி ஒரு புத்தகத்துக்காகப் பல வருடம் ஏங்கியிருக்கிறேன். அது கைக்கு வந்த வருடமே அதை 36 மார்க்குக்குச் சுருக்கி வராந்தாவில் கொடுத்தேன். பழைய தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 20 மார்க், புதியதில் 16. அந்த நான்கு மார்க்கை வேறு எங்கே பிடிப்பது என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

இந்தப் பகுதியில் பத்தில் ஃபெயிலான பெண் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். வீட்டோடு இருப்பாள், இல்லை இறால் உரிக்கப் போவாள், அப்புறம் கல்யாணம். பாஸ் என்ற ஒரு வார்த்தை அவளை இன்னும் இரண்டு வருடம் பள்ளியில் வைத்திருக்கும். அதற்காக ஒரு பாடத்தை விட்டால் என்ன? இப்படித்தான் நினைத்தேன். பாதி நாள் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வருடம் பரீட்சையே நடக்கவில்லை. மார்ச் 27-ல் தொடங்க வேண்டியது கொரோனாவால் ஏப்ரலுக்குப் போனது, ஜூனுக்குப் போனது, கடைசியில் 2020 ஜூன் 9 அன்று ரத்து. எல்லோரும் பாஸ். மார்க் எப்படி? காலாண்டு, அரையாண்டிலிருந்து 80 சதவீதம், வருகைக்கு 20. அவள் அரையாண்டில் நான் கொடுத்ததை மட்டும் எழுதியிருந்தாள், மீதியை விட்டிருந்தாள். அதுதான் மார்க் ஷீட்டில் ஏறியது. பதினொன்றில் கணக்கு இல்லாத பிரிவில் சேர்ந்தாள். முழுப் பாடமும் நடத்தியிருந்தால் வேறு பிரிவு எடுத்திருப்பாளா? அவளே விரும்பி எடுத்ததாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை.

2022-ல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது எங்கள் கீழ் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் செய்ததும் இதுதானே என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். அங்கே அரும்பில் இருக்கும் குழந்தையை மொட்டுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. என் வராந்தாவிலிருந்து யாரும் உள்ளே வந்ததில்லை.

அதனால் போன வருடம் முக்கோணவியலை மட்டும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து நடத்தினேன். நன்றாகத்தான் போனது. தொடுகோடு பழகவே திணறும் ஒரு பையன், ஏற்றக்கோணத்துக்குப் படம் போட்டுக் காட்டி விடையும் சொன்னான். ஆனால் வடிவியல் பயிற்சிக்கு வைத்திருந்த நாட்கள் அதில் போயின. ரிசல்ட்டில் அதே பையன் கணக்கில் ஃபெயில். அவன் அம்மா வந்து, “மத்த வருசமெல்லாம் எல்லாத்தையும் பாஸ் பண்ண வெச்சிடுவீங்களாமே மிஸ், இந்த வருசம் இன்னா ஆச்சு?” என்று கேட்டார். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியைச் சொன்னேன். தினமும் மாலை அவனை அனுப்பச் சொன்னேன். வருகிறான். தொடுகோடுதான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.