லட்ச ரூபாய் ஷேரும் தம்பியின் கேள்வியும்

முசிறியில் என் தம்பி டயர் கடை வைத்திருக்கிறான். 2023 ஜூனில் ஒருநாள் காலையிலேயே போன். "அக்கா, எம்ஆர்எஃப் ஷேர் ஒண்ணு லட்ச ரூபாயைத் தொட்டுடுச்சாம். அப்போ இந்தியாவுலயே பெரிய கம்பெனி அதுதானே?"

1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி இந்த உயரத்துக்கு வந்ததில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு விலையை மட்டும் பார்த்துப் பெரிது, சிறிது என்று சொல்ல மனம் வராது. "ஒரு பேப்பர் எடுடா" என்றேன்.

எம்ஆர்எஃபுக்கு மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாகப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஒன்றின் விலை அவ்வளவு. லட்சத்தால் பெருக்கினால் சந்தை மதிப்பு 42,000 கோடி ரூபாய். அந்தச் சமயம் ரிலையன்ஸ் பங்கு ஏறக்குறைய 2,500 ரூபாய்தான், ஆனால் பங்குகள் 676 கோடி. பெருக்கிப் பார்த்துவிட்டுத் தம்பி சொன்னான்: "பதினேழு லட்சம் கோடி வருதுக்கா." கிட்டத்தட்ட நாற்பது மடங்கு.

பங்குச் சந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் குறியீடுகள்தான் நிஃப்டியும் சென்செக்ஸும். நிஃப்டியில் 50 கம்பெனி, சென்செக்ஸில் 30. இரண்டிலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் எடை இந்தச் சந்தை மதிப்பை வைத்துத்தான், அதுவும் நிறுவனர்கள் கையில் இருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு. அதனால்தான் எச்டிஎஃப்சி வங்கியும் ரிலையன்ஸும் ஒரு சதவீதம் சரிந்தாலே நிஃப்டி அசைகிறது. பட்டியலின் அடியில் இருப்பது ஐந்து சதவீதம் ஏறினாலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. தம்பி நினைத்ததும் அப்படியொன்றும் தப்பில்லை. அமெரிக்காவில் 1896இல் 12 கம்பெனிகளோடு தொடங்கிய டோ ஜோன்ஸ் குறியீடு இன்றைக்கும் பங்கின் விலையை வைத்துத்தான் எடை போடுகிறது.

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அப்போ இந்த லிஸ்டுல இருக்கிறதெல்லாம் புளூசிப். எதையாவது வாங்கிப் போட்டுட்டு மறந்துடலாம், இல்லையா?"

போக்கர் ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளில் நீலத்துக்கு மதிப்பு அதிகம். நம்பி வாங்கலாம் என்று பேரெடுத்த பெரிய கம்பெனிகளைப் புளூசிப் என்பது அதிலிருந்து வந்த பெயர். சட்டப்படி யாரும் கொடுக்கும் முத்திரை இல்லை. நானும் 2008 ஜனவரியில் இவனைப் போலத்தான் நினைத்தேன். நிஃப்டியில் இருந்த ஒரு கம்பெனியின் பங்கை, பெயர் வேண்டாம், பி.எஃப். பணத்தில் வாங்கினேன். சில வருஷம் கழித்து அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. புளூசிப்தானே, எழுந்துவிடும் என்று விலை இறங்க இறங்கக் கையிலேயே வைத்திருந்தேன்.

1986இல் சென்செக்ஸ் வந்தபோது அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதில் இருந்தது. பத்மினி செய்த பிரீமியரும் இருந்தது. இரண்டுமே இன்று அந்தப் பட்டியலில் இல்லை. ஐடிசியும் லார்சன் அண்ட் டூப்ரோவும் இன்னும் இருக்கின்றன. 2009 ஜனவரி 7 அன்று கணக்கில் மோசடி செய்ததை நிறுவனரே ஒப்புக்கொண்டபோது ஐடி கம்பெனியான சத்யம் சென்செக்ஸில்தான் இருந்தது. ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. அடுத்த சில நாளில் அதை எடுத்துவிட்டு சன் ஃபார்மாவைச் சேர்த்தார்கள்.

குறியீடு நாற்பது வருஷமாக ஏறி வந்திருக்கிறது என்கிறோமே, அதில் இந்த வெளியேற்றங்களுக்கும் பங்கு உண்டு. நிஃப்டி பட்டியலை வருஷத்துக்கு இரண்டு முறை சரிபார்க்கிறார்கள். மாற்றங்கள் பொதுவாக மார்ச், செப்டம்பர் முடிவில் நடப்புக்கு வரும். தனிப் பங்கு வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது, அவரேதான் பார்க்க வேண்டும். குறியீட்டுப் பட்டியலில் இருக்கும் பங்குகளையே அதே எடையில் வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டால், பட்டியல் மாறும்போது ஃபண்டும் மாற்றிக்கொள்ளும். சந்தை விழுந்தால் அதுவும் கூடவே விழும், அதையும் சொன்னேன். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கியது.

தம்பி மாசம் 2,000 ரூபாய் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் போடத் தொடங்கினான். இந்த செப்டம்பரில் அவனே போன் செய்தான். "அக்கா, இந்தத் தடவை யாரை வெளியே அனுப்பினாங்க?"