மூன்று ராசாக்கள் வரும்வரை குடிலைப் பிரிக்காதீர்கள்

புத்தாண்டுப் பூசை முடிந்த கையோடு வாசல் ஸ்டாரை இறக்கி, இயேசு பிறந்த தொழுவம்போல் கட்டிய குடிலையும் பிரித்துப் பரணில் ஏற்றிவிடும் வீடுகள் எங்கள் தேவகோட்டைப் பக்கமும் கூடிக்கொண்டே போகின்றன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். கிறிஸ்துமஸ் காலம் அன்றோடு முடிவதில்லையே. ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா, குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் வந்த நாள், நம் பேச்சில் மூன்று ராசாக்கள் திருநாள். எல்லாரும் வர வசதியாக இந்தியாவில் அதை ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறார்கள். அதை அடுத்து வரும், இயேசு ஞானஸ்நானம் பெற்றதை நினைக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் காலம் நிறைவடைகிறது. மத்தேயு நற்செய்தியைப் பார்த்தால் ஞானிகள் எத்தனை பேர் என்றே இருக்காது, பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று பேர் ஆனார்கள், கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களெல்லாம் பிற்பாடு வந்தவை. சரி, எத்தனை பேராக இருந்தாலும் அவர்கள் வந்து சேருவதற்குள் நாம் குடிலைப் பிரித்துவிட்டால் எப்படி?

எங்கள் பங்குக் கோவிலில் ராசாக்களின் சுரூபங்கள், அதாவது சிலைகள், கிறிஸ்துமஸ் அன்று வாசல் ஜன்னலில்தான் இருக்கும். தினமும் பூசைக்கு அப்புறம் பூசையில் உதவும் பீடச்சிறுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடில் பக்கம் நகர்த்துவார்கள், இன்றைக்கு யார் முறை என்று சண்டையே நடக்கும். திருநாள் சாயங்காலம் நிஜ ராசாக்கள் புறப்படுவார்கள். அம்மாக்களின் பட்டுச்சேலைதான் அங்கி, ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம், முன்னால் மூங்கில் கம்பில் கட்டிய நட்சத்திரம், பின்னால் பாடற்குழு. பொன் வைக்கும் பித்தளைப் பெட்டி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தது, பார்த்தாலே ராசா வீட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். போன முறை பல்தசார் வேடம் கட்டியது அடுத்த தெரு முஸ்லிம் பையன், அவ்வளவு கம்பீரமாக நடந்தான்.

ஊர்வலம் பெரிய வீடுகள் உள்ள தெரு வழியாகத்தான் போகும். நகரத்தார் வீட்டு நோன்பான பிள்ளையார் நோன்புக்கு மாவில் சுடரேற்றிய இழை எடுத்துவிட்டு எங்களுக்கும் பொரி கொடுத்தனுப்பிய ஆச்சி, முகப்பில் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். "ராசா, கால் வலிக்கும், உட்காருங்கப்பா" என்று பிள்ளைகளுக்கு வெள்ளைப் பணியாரமும் தண்ணீரும் கொடுக்காமல் விடமாட்டார். சருகணியில் உள்ள கிறிஸ்தவக் கோவிலுக்கு மருது சகோதரர்கள் தேர் செய்து கொடுத்த சீமை இது, அதனால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான். டிசம்பர் 25இல் அவரவர் வீடு, விருந்தாளி என்று போய்விடுகிறது. தெருவே சேர்ந்து கொண்டாடுவது இந்த ஒரு நாள்தான்.

கோவிலில் ராசாக்கள் காணிக்கையை வைத்து மண்டியிட்டதும் பங்குச் சாமியார் மந்திரித்த சாக்பீஸ் கொடுப்பார், வீட்டு நிலையில் ஆண்டையும் ராசாக்களின் முதலெழுத்துகளையும் எழுதிக்கொள்ளலாம். அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு, பங்கின் சிறு குடும்பக் குழுவான ஒவ்வொரு அன்பியமும் ஒரு அண்டா.

திருமுழுக்கு விழா கழிந்தபின் இளைஞர்கள் குடிலைப் பிரிப்பார்கள். வைக்கோல் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போகும். சீரியல் செட் மட்டும் பரணுக்குப் போகாது, பொங்கலுக்குக் கோவில் வாசலில் கட்ட வேண்டுமே.