வேலிக்கால் துளை: 24ல் 13 முடிந்தது, மூன்று மில்லி படி ஒழிந்தது

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாவது வேலிக்காலின் முதல் துளையில் குறுக்குச் சட்டத்தைச் செருகினேன். கொட்டாப்புளிக்கு வேலையே இல்லை. கையால் தள்ளினதும் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் இரண்டு கால்களைக் கெடுத்திருக்கிறேன். அவை இப்போது அவரைப் பந்தலைத் தாங்குகின்றன.

மரம் வேங்கை. காரைக்குடியில் பழைய மரக்கடையில் உத்திரக்கட்டைகளைக் கீறி வாங்கியது. நாலு அங்குலம் என்று பேச்சு, அளந்தால் 98லிருந்து 103 மில்லிமீட்டர் வரை ஆளுக்கொரு அளவு. இந்த வித்தியாசம்தான் இரண்டு வாரம் என்னைப் படுத்தியது.

துளை அகலம் 36, உயரம் 100 மில்லி. வெட்டுவது ரூட்டர், அதாவது சுழலும் பிட்டால் (வெட்டுமுனை) மரத்தைக் குடையும் கைமெஷின். அதற்கு வழிகாட்டும் அச்சுப்பலகை ஜிக்: 12 மில்லி பிளைவுட், நடுவில் ஒரு ஜன்னல். ரூட்டரின் அடியில் பிட்டைச் சுற்றி இருக்கும் வளையம் புஷ், அது ஜன்னல் ஓரத்தை உரசிப் போகும். புஷ் 30 மில்லி, பிட் 12 மில்லி, அதனால் வெட்டு ஜன்னல் ஓரத்திலிருந்து ஒன்பது மில்லி உள்ளே விழும். முதல் ஜிக்கில் ஜன்னலுக்கு 9 மில்லி மட்டும் கூட்டி வெட்டிவிட்டேன். பக்கத்துக்கு ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு என்பது துளை 27 மில்லியாக வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டாவது ஜிக் 54க்கு 118.

ஒரே பக்கத்திலிருந்து 100 மில்லி ஆழம் போக என் ரூட்டருக்கு எட்டாது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். காலைப் புரட்டிப் போட்டு மறுபாதியை வெட்டினால், இரண்டு பாதியும் நேராகச் சேராமல் துளைக்கு நடுவில் ஒரு படி! 103 மில்லி காலில் சரியாக மூன்று மில்லி. 100 மில்லி காலில் படியே இல்லை. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். நான் பிட் வளைந்திருக்கிறது, ஜிக் நகர்கிறது என்று கிளாம்ப் மேல் கிளாம்ப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஜிக்கின் ஓரக்கட்டை (காலின் பக்கத்தில் அணையும் கட்டை) எப்போதும் என் வயிற்றுப் பக்கம் இருந்தது. காலைப் புரட்டினதும் வயிற்றுப் பக்கம் வருவது எதிர் முகம். ஓரக்கட்டையிலிருந்து ஜன்னலின் நடு 50 மில்லி. இரண்டு முகத்திலிருந்தும் தனித்தனியாக 50 அளந்தால், 103 மில்லி மரத்தில் இரண்டு நடுவும் எப்படிச் சேரும்? இப்போது ஒவ்வொரு காலிலும் ஒரு முகத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி. கால் புரண்டால் ஜிக்கும் திரும்ப வேண்டும், ஓரக்கட்டை அந்தக் குறியை விட்டுப் போகக் கூடாது.

அதற்குப் பிறகும் அரை மில்லி மிச்சம் இருந்தது. அது புஷ்ஷின் வேலை: பிட்டுக்குச் சரியான நடுவில் அது உட்காரவில்லை, கால் மில்லி தள்ளி இருந்தது. ஜிக்கைத் திருப்பிவிட்டு ரூட்டரை மட்டும் பழையபடியே பிடித்தால் அந்தக் கால் மில்லி இரண்டு மடங்காகிறது. ரூட்டர் அடித்தட்டில் ஒரு நீல டேப் ஒட்டினேன். நீலம் எப்போதும் ஓரக்கட்டைப் பக்கம். வெட்டும்போதும் கைப்பிடியைச் சுழற்றுவதில்லை. படி போயே போய்விட்டது.

மச்சான் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: "ஏன் மாப்ள, அந்தந்தப் பக்கச் சட்டம் அம்பது மில்லி உள்ள போனா போதாதா? படி இருந்தா என்ன போச்சு?" நியாயமான கேள்விதான். ஆனால் நான் இரண்டு சட்ட நுனிகளையும் சாய்வாகச் சீவி, துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வைக்கிறேன். சட்டம் காய்ந்து சுருங்கினாலும் கழன்று வராது. இதைச் சொன்னதும் டீ குடிக்கப் போய்விட்டான்.

முதலில் 25 மில்லி ஆகரால் (திருகு துளைப்பான்) மூன்று ஓட்டை போட்டு மரத்தைக் குறைத்துவிட்டுத்தான் ரூட்டர். ஒரு தடவைக்கு நாலு மில்லிக்கு மேல் இறக்குவதில்லை. நேர்வெட்டு பிட் தூளை வெளியே தள்ளாமல் துளைக்குள்ளேயே கருக்கியது. மேலே தூக்கும் ஸ்பைரல் பிட் ஊர் ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஆணியை எடுத்துக் காட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு மெஷின்) பட்டறைகளுக்கு பிட் விற்கும் கடையில் 12 மில்லி கார்பைட் பிட் கிடைத்தது. இரண்டு வாங்கினேன். ஒன்று பழைய ஆணியில் பட்டு முனை போனது. இப்போது பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றின காந்தத்தை நூலில் கட்டி, காலின் நாலு முகத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

துளையின் மூலை ஆறு மில்லி வளைவாக வருகிறது. உளியால் பொளித்துச் சதுரமாக்க எனக்குப் பொறுமை இல்லை. சட்ட நுனியை அரத்தால் உருட்டிவிடுகிறேன், இரண்டு நிமிஷ வேலை. வேங்கைத் தூள் வியர்வையில் ஒட்டினால் கை கறையாகிறது. மாஸ்க் இல்லாமல் ஒரு நாள் வெட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தும்மினேன்.

மூன்று சட்டம் ஆட்டை நிறுத்தாது, தெரியும். பின்பக்கம் கம்பிவலை அடிக்கப் போகிறேன். அதற்கு முன் கேட். அதற்கு ஒரு தேக்குப் பலகையை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நடுக்கால்களில் இன்னும் ஐந்து துளை பாக்கி. ஓரக்கால் இரண்டிலும் சேர்த்து ஆறு முட்டுத்துளை, அதாவது மறுபக்கம் போகாத துளை. அங்கே ஒரு பக்கம்தான் வெட்டு, புரட்டும் வேலையே இல்லை. அவற்றை முதலில் செய்து பழகியிருக்கலாம்.