மெலடோனினை எந்த வேளையில் கொடுப்பது: இருட்டறை ஆய்வு ஒன்றின் அனுபவம்

மெலடோனின் என்றதும் தூக்க மாத்திரை என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எலிகளோ, அந்த ஹார்மோன் இரத்தத்தில் நிறைந்திருக்கும் இரவு வேளையில்தான் விழித்தெழுந்து ஓடியாடி இரை தேடுபவை. பகலில் நடமாடும் மனிதனுக்கும் இரவில் நடமாடும் எலிக்கும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரப்பது இரவில்தான் என்பதால், இருட்டிவிட்டது என்ற செய்தியை உடல் முழுவதும் கொண்டு செல்லும் தூதாக அதைக் கருதுவதே பொருத்தம். அந்தத் தூது, அதை அனுப்பிய மூளைக் கடிகாரத்தையே, அதாவது தூக்கத்தையும் விழிப்பையும் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் அமைப்பையே, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியது. எந்த வேளையில் கொடுத்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை எங்கள் ஆய்வறையில் அளந்து பார்ப்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் பகுதியாக அமைந்தது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு உதவும் என்பதால் அந்த வேலை நடந்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் படிக்க வேண்டியது நிறைய இருந்தது. மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்து ஆரோன் லெர்னர் 1958இல் அறிவித்தார். பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் எஸ்சிஎன் என்ற சிறிய நரம்புக் கொத்தில் இருப்பது 1972இல் தெரியவந்தது. அந்தக் கொத்தைச் சிதைத்தால் எலியின் ஓட்டமும் ஓய்வும் நாள் முழுவதும் தாறுமாறாகச் சிதறிப் போகின்றன; பீனியல் சுரப்பியை மட்டும் நீக்கினால் பாலூட்டிகளில் அப்படி ஆவதில்லை. பிறகு மெலடோனினுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு, 1983இல் ஆஸ்திரேலியாவில் ரெட்மன், ஆம்ஸ்ட்ராங் ஆகியோர் செய்த சோதனை வழிகாட்டியது. முழு இருட்டில் தம் போக்கில் ஓடிக்கொண்டிருந்த எலிகளுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் மெலடோனின் ஊசி போட்டபோது, அவற்றின் கடிகாரம் ஊசியின் 24 மணி நேரச் சுழற்சிக்குக் கட்டுப்பட்டது. எடுத்ததற்கெல்லாம் மேலைநாட்டு ஆய்வுகளையே தேட வேண்டியதில்லை என்பதையும் அப்போது அறிந்துகொண்டேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகை வௌவால்களிலும் வயல்களில் வாழும் சிறு சுண்டெலியிலும் பல ஆண்டுகள் கடிகார ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்தச் சுண்டெலியில் ஒளிக்கும் மெலடோனினுக்கும் கிடைக்கும் நகர்வு வளைவுகள் (எந்த வேளைத் தூண்டல் கடிகாரத்தை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்துகிறது என்று காட்டும் வரைபடங்கள்) ஒன்றுபோல் இருப்பதில்லை என்று 1990களின் இறுதியில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையை நான் பலமுறை படித்தேன்.

எந்த எலியை வாங்குவது என்பதே முதல் முடிவு. ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் சி57 பிளாக் 6 எலிகளின் பீனியல் சுரப்பியில் மெலடோனின் உருவாவதே இல்லை எனலாம். செரோடோனினை மெலடோனினாக மாற்றும் இரண்டு நொதிகளும் அவற்றில் பழுதுபட்டிருக்கின்றன. சி3எச் என்ற வகை எலிகள் மெலடோனினை இயல்பாகச் சுரக்கின்றன. அவற்றில் வேறொரு குறை உண்டு: பிறந்த சில வாரங்களிலேயே விழித்திரையின் கோல் செல்களும், பிறகு படிப்படியாகக் கூம்பு செல்களும் அழிந்து அவை பார்வை இழந்துவிடுகின்றன. பார்வையில்லாத எலியை வைத்துக் கடிகாரத்தை எப்படி ஆராய்வது என்று ஆய்வுக் குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். அந்த விழித்திரையிலும் மெலனாப்சின் என்ற நிறமியைத் தாங்கிய நரம்புச் செல்கள் பிழைத்திருந்து வெளிச்சத்தைக் கடிகாரத்துக்குத் தெரிவிக்கின்றன என்பதையும், இத்தகைய பார்வையிழந்த எலிகளின் கடிகாரம் ஒளிக்கு ஒழுங்காக நகர்வதை 1991இலேயே ஃபாஸ்டர் குழுவினர் காட்டியிருப்பதையும் எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எதிரில் இருக்கும் பொருளைக் காண முடியாத கண், பொழுது விடிந்ததை மட்டும் தவறாமல் அறிந்துகொள்கிறது.

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, அதைவிடக் குறைவாக ஏன் முடியாது என்பதற்குப் புள்ளியியல் கணக்கோடு விடை எழுத வேண்டும். அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொண்டது பிற்பாடு தரவைப் பகுப்பாய்வு செய்யும்போதும் கைகொடுத்தது.

நாள் அதிகம் பிடித்தது இருட்டறையைத் தயாரிப்பதில்தான். கடிகாரம் தன் சொந்த வேகத்தில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் துளியும் நுழையக் கூடாது. கதவிடுக்கில் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டி, கறுப்புத் திரையை இரண்டடுக்காகத் தொங்கவிட்டு, குளிர்சாதனக் கருவியின் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தைக் களிம்பு பூசி அடைத்தோம். அதன் பிறகு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை அரை மணி நேரம் தரையில் அமர்ந்து சுற்றிலும் பார்ப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. சிறிது நேரம் கழித்துத்தான் வெப்பமானியின் பச்சைப் புள்ளி, சுவிட்ச் பெட்டியின் சிவப்புப் பொட்டு, கதவின் கீழே நூல் தடிமனில் ஒரு வெளிச்சக் கீற்று என்று ஒவ்வொன்றாகத் தென்படும். ஒவ்வொன்றையும் கறுப்பு நாடாவால் மூடிவிட்டு மறுபடியும் அமர வேண்டும். மங்கிய சிவப்பு விளக்கை எலிகள் உணர்வதில்லை என்று பலர் சொல்வதை நாங்கள் முழுமையாக நம்பவில்லை. உள்ளே செய்ய வேண்டிய வேலைகளை அகச்சிவப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்தோம்.

வெளிச்சத்தை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. தீனி போடும் நேரமும் கூண்டைத் துடைக்கும் நேரமும் நாள்தோறும் ஒன்றாகவே இருந்தால் எலி அதையே மணியடிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே தீனியையும் தண்ணீரையும் பல நாளைக்குப் போதுமான அளவு வைத்துவிட்டு, உள்ளே போகும் நேரத்தைக் குலுக்கல் சீட்டு எடுத்து முடிவு செய்தோம்.

எலிகளைச் சில வாரங்கள் 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்ற ஒழுங்கில் பழக்கிவிட்டு முழு இருட்டுக்கு மாற்றினோம். ஒவ்வொரு கூண்டிலும் ஓடுசக்கரம் ஒன்று இருந்தது. அது சுற்றும் ஒவ்வொரு சுற்றையும் கணினி குறித்துக்கொள்ளும். ஒரு நாளின் ஓட்டத்தை ஒரு வரியாக்கி, அடுத்தடுத்த நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரைவதே ஆக்டோகிராம். வெளிச்சமும் இருட்டும் மாறி வந்த நாட்களில் ஓட்டம் தொடங்கும் விளிம்பு செங்குத்துக் கோடாக நிற்கிறது; முழு இருட்டு தொடங்கியதும் அந்தக் கோடு நாளுக்கு நாள் சிறிது இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இறங்குகிறது. எலியின் சொந்த நாள் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவானது என்பதற்கு அந்தச் சாய்வே சான்று. பாடநூலில் அச்சாகியிருக்கும் படத்தைப் பார்ப்பதும், நாம் வளர்க்கும் எலியின் கோடு நம் திரையில் சாய்வதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. அன்று என் வழிகாட்டியும் நானும் வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை.

ஊசி போடும் கட்டம் உடலை வருத்தியது. எலியின் சொந்த நாளை 24 பங்காகப் பிரித்து, ஓட்டம் தொடங்கும் நேரத்தைக் கடிகார நேரம் 12 என்று கொள்வது வழக்கம். மெலடோனினுக்கு எலி அதிகமாக இணங்கும் கடிகார நேரம் 10, ஓட்டம் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வருகிறது. எலியின் நாள் 24 மணி நேரத்தைவிடக் குறைவு என்பதால் அந்த நேரம் நம் சுவர்க் கடிகாரத்தில் நாள்தோறும் முன்னே நகரும். எலிக்கு எலி அது வேறுபடவும் செய்யும். முந்தைய நாட்களின் தொடக்கப் புள்ளிகளைக் கோடாக நீட்டி, மறுநாள் ஒவ்வொரு எலிக்கும் எப்போது ஊசி என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பிற்பகலில் தொடங்கிய வேலை வெவ்வேறு குழுக்களுக்கு நண்பகலாகி, காலையாகி, நடுநிசியிலும் வந்து நின்றது. கடிகாரங்களை ஆராய்பவரின் கடிகாரமே குலைந்துபோகும் வேலை இது. இரவுமுறைப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் எதைத் தாங்குகிறார்கள் என்பதை என் பசியும் தலைவலியும் எனக்கு உணர்த்தின.

மெலடோனின் தண்ணீரில் எளிதில் கரையாது. சிறிதளவு எத்தனாலில் கரைத்து, உப்புக் கரைசலில் சேர்த்து, ஒளி படாமல் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தோம். ஊசி குத்துவதாலும் கையில் பிடிப்பதாலும் விழித்துக்கொள்ளும் எலியின் கடிகாரம் அதனாலேயே நகரக்கூடும். வெள்ளெலிகளில் வெறும் உப்புநீர் ஊசிகூட இப்படிச் செய்திருக்கிறது. எனவே எல்லா எலிகளையும் கைப்பழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். பாதி எலிகளுக்கு மெலடோனின் கலக்காத அதே கரைசலைப் போட்டோம். யாருக்கு எது என்பது எனக்குத் தெரியாதபடி இன்னொரு மாணவி குப்பிகளுக்குக் குறியீடு எழுதினார்.

மூன்று நாள் ஊசி முடிந்ததும் எலிகளை அப்படியே விட்டுவிட்டு, கடிகாரம் நிலைகொள்ளும் வரையிலான இடைக்கால நாட்களை ஒதுக்கிவிட்டு, ஊசிக்கு முந்தைய தொடக்கக் கோட்டுக்கும் பிந்தைய தொடக்கக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். கடிகார நேரம் 10இல் மெலடோனின் பெற்ற எலிகளின் தொடக்கம் முன்கூட்டி வந்தது. எலியின் விடியலை, அதாவது அதன் ஓட்டம் ஓயும் வேளையை, ஒட்டிக் கொடுத்தபோது தொடக்கம் தாமதமானது. எலியின் நடு இரவில் அதே மருந்தை அதே அளவில் கொடுத்தபோது கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து வேறுபாடு எதுவும் தெரியவில்லை. சி3எச் எலிகளில் பென்லூசிஃபும் டுபோகோவிச்சும் 1996இல் வெளியிட்ட வடிவத்தோடு இது பொருந்தியது. நகர்வின் அளவு ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒளியோடு ஒப்பிட்டால் மெலடோனின் மென்மையான தூண்டலே. ஆயினும் ஒளியை அறவே உணராத பார்வையற்றவர்களில் சிலருக்கு உடல் கடிகாரம் நாள்தோறும் பின்தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும் நிலையில், நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுக்கும் மெலடோனின் அதை 24 மணி நேரத்துக்குள் நிறுத்தியதை 2000இல் வந்த மருத்துவ ஆய்வுகள் காட்டின. அங்கே இந்த மென்மையான தூண்டல் ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையையே திருத்தி அமைக்கிறது. நண்பர்கள் எத்தனை மில்லிகிராம் மாத்திரை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்கும்போது, எத்தனை மணிக்கு எடுப்பது என்பதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எஸ்சிஎன்னில் மெலடோனினை ஏற்கும் எம்டி1, எம்டி2 என்ற இரு ஏற்பிகளில் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதில் எம்டி2வின் பங்கு பெரிது என்று டுபோகோவிச் குழுவினரின் பிந்தைய ஆய்வுகள் கூறுகின்றன. விடியலை ஒட்டிக் கிடைக்கும் தாமதத்துக்கும் அதே ஏற்பிதான் காரணமா என்று பார்க்க, எம்டி2வை மட்டும் தடுக்கும் மருந்தை மெலடோனினுக்கு முன்னதாகக் கொடுக்கும் திட்டத்தை எழுதி நெறிமுறைக் குழுவிடம் அளித்திருக்கிறோம். அனுமதி வந்ததும் கடிகார நேரம் 10, விடியல் ஆகிய இரண்டு வேளைகளில் மட்டும் அந்தச் சோதனையைத் தொடங்குவோம்.