ஒம்போது காசும் திருநள்ளாறும்

அம்மா வேண்டிக்கிட்டது 2021 மே மாசம். நான் கொரோனால ஐசியூல பதினோரு நாள் கெடந்தேன், யாரையும் உள்ள விடல, அம்மா என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு மஞ்சத் துணில ஒம்போது ஒத்த ரூபா காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்காங்க, என் பொண்ண எழுப்பி விடுங்க, நவகிரகம் ஒம்போது பேரையும் உங்க உங்க எடத்துக்கே வந்து கும்புடுறோம்னு. எனக்கு கும்ப ராசி, சதயம். 2020 டிசம்பர் 27 சனிப்பெயர்ச்சி அன்னிக்குத்தான் ஏழரைச் சனி ஆரம்பிச்சுது, அஞ்சே மாசத்துல ஆஸ்பத்திரி.

அம்மாவோட மூட்டு வலி, பொண்ணோட பரீட்சைன்னு தள்ளித் தள்ளி ஒரு வழியா 2024 செப்டம்பர்ல திருச்சிலேர்ந்து ஒரு கார் எடுத்துக்கிட்டு கெளம்பிட்டோம். அம்மாவுக்கு 75 வயசு, ஒரு மடக்கு வீல்சேரும் டிக்கில ஏறிக்கிச்சு.

வியாழக்கிழமை காலைல மொதல்ல திங்களூர். அப்பூதி அடிகள் ஊரு. கூட்டமே இல்ல, சந்திரன் சன்னதில நாங்க மட்டும்தான், அம்மா மொத காச அவுத்து உண்டியல்ல போட்டாங்க. அந்த நிம்மதி ஆலங்குடில போயிடுச்சு. வியாழக்கிழமைன்னு தெரிஞ்சே வந்தது எங்க தப்பு, ஆனா வீல்சேர்ல ஒரு வயசானவங்கள பாத்தும் இடிச்சுத் தள்ளிட்டு முன்னால போறவங்கள என்ன சொல்றது? வருஷத்துக்கு ஒரு ராசின்னு நிதானமா பன்னெண்டு வருஷம் நடந்து சுத்துறாரு குரு பகவான், மகாமகமே 2016க்கு அப்பறம் 2028லதான், அவர பாக்க வந்த நமக்கு பத்து நிமிஷம் பொறுமை இல்ல.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு திருநாகேஸ்வரம். பாலபிஷேகம் பாத்தோம், மேல ஊத்துற வெள்ளப் பாலு ராகு உடம்புல எறங்கும்போது நீலமாத் தெரிஞ்சுது, அம்மா வாயப் பொத்திக்கிட்டு அழுதாங்க. எங்க பெரியப்பா பஞ்சாங்கத்த கரச்சுக் குடிச்சவரு, சின்ன வயசுல சொல்லுவாரு, ராகுவும் கேதுவும் வானத்துல தேடுனா கெடைக்க மாட்டாங்கம்மா, சூரியன் போற பாதையும் சந்திரன் போற பாதையும் வெட்டிக்கிற ரெண்டு எடம்தான் அவங்க, அந்த எடத்துக்கிட்ட ரெண்டு பேரும் வந்து சேர்ந்தாத்தான் கிரகணம், அந்த எடமே பின்னால பின்னால நகந்து சுமார் பதினெட்டரை வருஷத்துல ஒரு சுத்து வரும்னு. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கும் ஒரு கோயில் கட்டி தெனம் பால் ஊத்துறாங்களே நம்ம ஆளுங்கன்னு நெனச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

சாயங்காலம் திருமங்கலக்குடி போயிட்டுத்தான் சூரியனார் கோயில், அந்த மொற மாறக் கூடாது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து கோயில். நடுவுல உஷா, சாயாவோட சூரியன், எதிர்ல குரு, சுத்தி மத்த எல்லாருக்கும் தனித்தனி சன்னதி. எங்க பொண்ணோட புக்குல பாத்த சூரியக் குடும்பப் படம் அப்படியே நடுவுல சூரியன வச்சு நின்ன மாதிரி இருந்துது. அங்கேர்ந்து கஞ்சனூர் பக்கம்தான். சுக்கிரன கும்புட்டுட்டு வெளில வந்தா மேக்கால வயலுக்கு மேல அந்தி வெள்ளி நிக்குது! வெள்ளிக்கிழமை, சுக்கிரன் ஊர்ல, சுக்கிரனே. நானும் அம்மாவும் ரோட்டோரமா நின்னு அதுக்கும் ஒரு கும்புடு போட்டோம்.

சனிக்கிழமைதான் சோதனை. வைத்தீஸ்வரன் கோயில் வர்றதுக்கு முன்னாடியே நாடி ஜோசியம் பாக்கணுமான்னு பைக்ல ஒருத்தர் கார் பக்கத்துலயே வர்றாரு, வேணாம்னா விடல, கோயில் வாசல் வரைக்கும் வந்தாரு. நோயோட வர்றவங்கள இப்படி மறிச்சு பயமுறுத்துறது பெரிய பாவம், அதான் தோணுது எனக்கு. முத்துக்குமாரசாமிய பாத்ததும் கோவம் அடங்கிடுச்சு, செவ்வாய்க்கு ஒரு காசு, அந்தக் கோயில் மருந்துப் பிரசாதம் திருச்சாந்துருண்டை வாங்கி அம்மா மடில கட்டிக்கிட்டாங்க. திருவெண்காட்டுல புதன், கீழப்பெரும்பள்ளத்துல கேது, அப்பறம் தரங்கம்பாடி வழியா காரைக்கால், திருநள்ளாறு போய்ச் சேர ராத்திரி ஏழு.

புரட்டாசி மொத சனிக்கிழமை வேற. க்யூ எங்க முடியுதுன்னே தெரியல. எண்ணெய், எள்ளு பொட்டலம், சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்னு கையப் புடிச்சு இழுக்குற புரோக்கர். அம்மாவுக்கு காலு வீங்கிடுச்சு, முடியலடி, நாளைக்கு பாக்கலாம்னுட்டாங்க. அந்த அம்மா வாயிலேர்ந்து முடியலங்குற வார்த்தை நான் கேட்டதே இல்ல.

1994ல எனக்கு பதினேழு வயசு, மஞ்சக்காமாலைல பிளஸ் டூ பரீட்சை எழுத முடியாமப் போச்சு, அப்ப மங்கு சனி, அதாவது மொத சுத்து ஏழரை, இதே அம்மா என்னைய பஸ் மாறி மாறி இங்க கூட்டிட்டு வந்தாங்க, நிக்க முடியாம தோள்ல சாஞ்சுக்கிட்டே க்யூல வந்தேன். அப்பவும் சனி கும்பத்துலதான். ஒரு சுத்து சுத்த அவருக்கு இருபத்தொம்போதரை வருஷம். அன்னிக்கு நின்ன அதே ராசிக்கு 2024ல திரும்பி வந்துட்டாரு, நாங்களும் அதே வாசலுக்கு வந்துட்டோம், நடுவுல என் கல்யாணம், அப்பா போனது, பொண்ணு பொறந்தது எல்லாம் அந்த ஒரு சுத்துக்குள்ள அடங்கிடுச்சு.

தூக்கம் வராம லாட்ஜ் மொட்டை மாடிக்கு ஏறினோம், ஒவ்வொரு படியா. கெழக்கால நல்லா மேல ஒரு வெளிச்சம், லேசா மஞ்சளா, மத்த நட்சத்திரம் மாதிரி மினுக்கல, அசையாம நிக்குது. போன்ல வச்சுப் பாத்தேன், அவரேதான். அந்த மாசம் பூமிக்கு கிட்டக்க வந்திருந்தாரு, கிட்டன்னாலும் சுமார் 130 கோடி கிலோமீட்டர். அம்மாகிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, இவருக்கா இத்தன வருஷம் பயந்தோம், எவ்ளோ சாந்தமா இருக்காருன்னு சொன்னாங்க.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். திருநள்ளாறுக்கு மேல சாட்டிலைட் எல்லாம் நின்னு போகுதுன்னு வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல வருது, அது பொய், தயவுசெஞ்சு பரப்பாதீங்க. நெஜமாவே அவர் வானத்துல நிக்கிறத தலை தூக்கிப் பாத்தாலே போதுமே.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நளதீர்த்தத் தண்ணிய தலைல தெளிச்சுக்கிட்டு போனோம். கூட்டம் வடிஞ்சிருந்துது. தர்ப்பாரண்யேஸ்வரர, பிராணாம்பிகைய பாத்துட்டு சனீஸ்வரர் சன்னதி. அபயக் கையோட நிக்கிறாரு. வீல்சேர பாத்துட்டு அர்ச்சகர் கொஞ்சம் முன்னாடி வரச் சொன்னாரு, தீபாராதனைய மொகத்துக்கிட்ட நிறுத்திக் காட்டுனாரு, அந்த ஒரு நிமிஷம் என்னைய யாரும் நகருங்கன்னு சொல்லல. எவ்வளவோ கேக்கணும்னு வந்தேன், பொண்ணு படிப்பு, வீட்டுக் கடன், ஒண்ணுமே வாய்ல வரல. ஐசியூல அந்த மெஷின் சத்தம் காதுல கேட்டுச்சு, அம்மா வீல்சேர்லேர்ந்து எழுந்து நின்னுட்டாங்க, புடிக்காமலே நின்னாங்க, கூட்டிட்டு வந்துட்டேம்ப்பான்னு மட்டும் சொன்னாங்க.

உண்டியல்கிட்ட வந்தா கடைசி முடிச்சு அவுக்க வரல. மூணு வருஷமா எறுகிக் கெடந்த முடிச்சு, அம்மா வெரலால முடியல, நான் பல்லால கடிச்சும் வரல. அம்மா துணியோடயே அந்தக் காச உள்ள போட்டுட்டாங்க. அப்பனே சனீஸ்வரா, கோடி நமஸ்காரம்.