ஸெர்மாட் திட்டம்: பூட்ஸ் முடிந்தது, மற்றதெல்லாம் பாக்கி

ஒருவழியாகக் காலுக்குப் பொருந்தும் ஸ்கீ பூட்ஸ் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்கு ஊரான ஸெர்மாட் போகவேண்டும். இன்னும் அறை போடவில்லை, லிஃப்ட் பாஸ் வாங்கவில்லை. ஆனாலும் பாதி மலை ஏறிவிட்ட தெம்பு வந்திருக்கிறது.

போன சீசன் வரை வாடகை பூட்ஸ்தான். வாடகைக் கடையில் "இறுக்குகிறதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றதும் ஒரு சைஸ் பெரியதை எடுத்து நீட்டுவார்கள். வரிசை நகர்ந்தால் போதும் அவர்களுக்கு. முதல் அரை மணி நேரம் சொகுசாக இருக்கும். அப்புறம் குதிகால் உள்ளே ஏறி இறங்க ஆரம்பிக்கும். அதை அடக்க பக்கிளை முறுக்கினால் மேல்பாதம் மரத்துப்போகும். செருப்பிலேயே வளர்ந்த கால் வேறு. முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. நீளத்தைப் பார்த்தால் சென்டிமீட்டர் கணக்கில் 26.5 சைஸ், அகலத்துக்காகத் தருவது 28.

இந்த முறை பெர்னில் பூட்ஸ் வேலை மட்டும் செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அந்தப் பெரியவர் விலைப்பட்டியலை எடுக்கவே இல்லை. முதலில் உள்ளுறையை உருவிப் போட்டுவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஷெல்லுக்குள் காலை விடச் சொன்னார். கட்டைவிரல் முன்னால் லேசாகத் தொடவேண்டும். பின்னால் டார்ச் அடித்து, குதிகாலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது, இரண்டைத் தாண்டினால் அந்த ஷெல்லை மறந்துவிட வேண்டும் என்றார். வாடகைக் கடைகளில் ஒருவர்கூட உள்ளுறையைக் கழற்றிப் பார்த்ததில்லை. இன்னொன்றும் சொன்னார்: பெரும்பாலான கம்பெனிகளில் 26.0, 26.5 இரண்டுக்கும் ஷெல் ஒன்றுதான். அரை சைஸுக்கு அலைவதில் அர்த்தமில்லை.

அகலம்தான் பெரிய பஞ்சாயத்து. 102 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அவர் 100-ஐத்தான் எடுத்தார். 102 என்றால் பூட்ஸ் மொத்தமாக அகலமாகிவிடும், குதிகாலும் சேர்ந்து ஆடும் என்பது அவர் வாதம். சுண்டுவிரல் மூட்டு இடிக்கும் இடத்தில் மட்டும் பேனாவால் குறி போட்டு, அந்தப் பகுதியைச் சூடாக்கி, உள்ளிருந்து அழுத்தி வெளியே தள்ளி, அப்படியே ஆறவிட்டார். பார்த்தால் பூட்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். உள்ளுறையையும் அடுப்பில் சூடுபடுத்திக் காலோடு ஆறவைத்தார். காலில் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போட்டால் குளிராது என்பவர்களிடம் எனக்கு இனிப் பேச்சே கிடையாது.

நேராக நின்றால் விரல் முட்டத்தான் செய்யும். முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் பாதம் பின்னால் நகர்ந்து விரலுக்கு இடம் வந்துவிடும். இது தெரியாமல் எத்தனை பேர் நல்ல பூட்ஸைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார்களோ. பூட்ஸ் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதற்கு ஒரு விறைப்பு எண் உண்டு, கூடினால் விறைப்பும் கூடும். அதில் 120 கேட்டேன், 100 போதும் என்றார். கடைச் சூட்டில் மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக், மேலே குளிரில் இறுகிவிடும். இதில் அவர் பக்கம்தான் நியாயம்.

பழைய சாமான் பற்றி ஒரு வார்த்தை. இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் ஸ்கீ சந்தைகளில் பலகை, கம்பு, ஹெல்மெட் பை எல்லாம் தாராளமாக வாங்கலாம். பூட்ஸ் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் வயதானால் உடையும், அதுவும் சரிவின் நடுவில்தான் உடையும்.

பலகையை ஸெர்மாட்டிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். என் பூட்ஸ் கிரிப்வாக் எனும், நடக்க வசதியான வளைந்த அடிப்பாகம் கொண்டது, பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கும் அதை ஏற்பதாக இருக்கவேண்டும். எடை, உயரம், வயது, அடிப்பாக நீளம் எல்லாம் கேட்பார்கள். குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்தாகிவிட்டது.

பயணம் சிக்கலில்லை. பெர்னிலிருந்து லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கம் வழியாக ஃபிஸ்ப், அங்கே சின்ன ரயிலுக்கு மாறினால் ஸெர்மாட். காரில் போனாலும் அதற்கு முந்தைய ஊரான டேஷோடு சரி, ஸெர்மாட்டுக்குள் விடமாட்டார்கள். பள்ளிகளின் பிப்ரவரி விளையாட்டு விடுமுறை தொடங்குமுன் போவதால் கூட்டமும் விலையும் கொஞ்சம் குறைவு. திரும்பும் நாளுக்கு அப்புறம் ஒரு நாளைச் சும்மா விட்டு வைத்திருக்கிறேன். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் அடைபட்டு, சுமார் 13,000 பேர் அந்த ஊரில் மாட்டிக்கொண்டார்கள்.

பாஸ் விஷயத்தில்தான் வீட்டில் தகராறு. மச்சினனுக்கு இத்தாலிப் பக்கம் செர்வினியா போய் பாஸ்தா சாப்பிட்டே தீரவேண்டும். எல்லைமுகடு 3,000 மீட்டருக்கு மேலே, காற்று அடித்தால் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் மாட்டினால் மலையைச் சுற்றி சாலை வழியாக மணிக்கணக்கில் டாக்ஸியில் வரவேண்டும். அதனால் சுவிஸ் பக்கத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு, காற்றில்லாத ஒரு நாள் பார்த்து இத்தாலிக்குக் கூடுதல் கட்டணம் கட்டலாம் என்பது என் கணக்கு. 2022 முதல் இத்தாலியச் சரிவுகளில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம், அதன் தாளும் குடியிருப்பு அட்டையும் சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

மனைவிக்குச் சறுக்குவதில் ஆர்வமில்லை. 1898-இல் ஓட ஆரம்பித்த கோர்னர்கிராட் பல்சக்கர ரயிலில் 3,089 மீட்டர் வரை ஏறி, வெயிலில் உட்கார்ந்து மாட்டர்ஹார்னைப் பார்த்தால் போதும் என்கிறாள். அதற்கு ரயில் நிலையத்தை ஒட்டி அறை வேண்டும். எனக்கோ பூட்ஸோடு ஊர் முழுக்க நடக்காமல், கிளெயின் மாட்டர்ஹார்ன் சிகரத்துக்கு ஏறும் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், விங்கெல்மாட்டன் பகுதியில் வேண்டும். இது முடியாமலே மார்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஸ்கீ ஊரான ஸாஸ்-ஃபே அறைகளின் விலையையும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.