ஏர் எடுத்தும் ஏறாத பெடல்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன மாசியில் குடும்பத்தோடு இறங்கும்போது, இன்னும் நாலைந்து வளைவு மிச்சம் இருக்கையில், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தடவை விட்டு விட்டு மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன் சக்கரத்தில் கருகல் வாடை. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே உருட்டி அடிவாரம் வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வருவது அபூர்வம்.

உண்மையைச் சொன்னால், பெடல் அதற்கு முன்பே சரியில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் வைத்த 2013 மாடல் சின்ன கார், ஏபிஎஸ் கிடையாது. ஆறேழு மாதமாகவே பெடல் பாதிக்கு மேல் போய்த்தான் பிடித்தது. தினமும் ஓட்டுகிறவனுக்கு அது உறைக்காது, கால் பழகிவிடும். மச்சான் ஒருநாள் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்து, "என்ன மாப்ள, பிரேக்கைத் தேட வேண்டியிருக்கு" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் சிலிண்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். அதன் ரப்பர் போயிருந்தால், எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்திருக்கையில் அது மெல்ல மெல்லத் தரைக்கு இறங்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

பிரேக் ஆயில் மாற்றி நாலு வருடம் ஆகியிருந்தது. டப்பாவைத் திறந்தால் கடுங்காப்பி நிறம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவி அமுங்கிவிடும். அதுதான் அந்தப் பஞ்சு மிதி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தாவது படிக்கும் மகளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியே தள்ள, ஆரம்பித்தேன். பழைய ஆயிலை டப்பாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றினேன். எங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் இடது பின்பக்கம். அங்கிருந்து தொடங்கி வலது பின், இடது முன், வலது முன். எல்லா வண்டிக்கும் இதே வரிசை இல்லை, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் வைத்தேன். பழைய சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதித்தால், இதுவரை ரப்பர் போகாத துருப்பிடித்த இடத்தில் அது உரசிக் கிழியலாம்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்ப்பா."

சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைக் கால் திருப்பு திறந்தால், அதில் மாட்டிய கண்ணாடி மாதிரியான டியூபில் பழுப்பு ஆயில் ஓடும். அதற்குள் கடுகு அளவு குமிழிகள் வரிசையாகப் போகும். மூடிய பிறகுதான் "விடு" என்பேன். ஒரு தடவை மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள்; டியூபில் இருந்ததெல்லாம் சர்ரென்று திரும்ப உள்ளே போனது. மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். என் வண்டி மட்கார்டில் ஒரு ரூபாய் அளவுக்கு இப்போது பெயின்ட் இல்லை.

மூன்று மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் அந்தப் பஞ்சுத்தன்மை போயிருந்தது. ஆனால் பெடல் இன்னும் கீழேதான் போய்ப் பிடித்தது. அடுத்த வாரம் இன்னொரு பாட்டில் வாங்கி மறுபடி ஏர் எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலும் ஏறவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். டீ டம்ளரோடு வந்து நின்றார். சீட்டில் உட்கார்ந்து இரண்டே மிதி.

"தம்பி, மொத மிதி கீழ போகுது. ஒடனே ரெண்டாவது மிதிச்சா மேலயே கல்லு மாதிரி நிக்குது பாருங்க. ஏர் இருந்தா மேல வந்தாலும் ஸ்பிரிங் மாதிரி துள்ளும். இது டிரம்ல உரசுற லைனிங் தள்ளி நிக்குது. டிரம்மைக் கழட்டுங்க."

அப்புறம் ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை யாராச்சும் டைட் வெச்சாங்களா?" என்றார். வைத்தார்கள். முந்தைய வருட சர்வீசில் ஹேண்ட்பிரேக் லூசாக இருக்கிறது என்று நானேதான் சொன்னேன். அவர்கள் கேபிளை இழுத்து முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் பல்சக்கரம் ஒன்று டிரம்முக்குள் இருக்கிறது. அதே லைனிங்கை நகர்த்தும் ஹேண்ட்பிரேக் கேபிள் எப்போதும் இழுபட்டே இருந்தால் அந்தப் பல்சக்கரம் திரும்பாது. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு தேய்மானம் முழுவதையும் பெடல்தான் சுமக்க வேண்டும்.

டிரம் கையால் வரவில்லை. அதில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு. அவற்றில் எட்டு எம்எம் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கியதும் டங்கென்று கழன்றது. உள்ளே கருந்தூள். ஊதப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும். லைனிங் இன்னும் மூன்று எம்எம் இருந்தது. லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவில்லை. பல்சக்கரம் மட்டும் துருவில் இறுகிக் கிடந்தது.

கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, பல்சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் மட்டும் துளி கிரீஸ் வைத்துப் பூட்டினோம். டிரம்மை மாட்டிச் சுற்றினால் லைனிங் லேசாக உரசும் சத்தம் கேட்கிற வரை பல் பல்லாகத் திருப்பினோம். நாலைந்து முறை பிரேக் மிதித்து லைனிங்கை நடுவில் உட்கார வைத்து, மறுபடி பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆன பிறகு கடைசியில்தான் கேபிள். மொத்தம் இரண்டு மணி நேரம். செலவு, அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த டீயும் வடையும்தான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து மிதித்தேன். பெடல் மேலேயே பிடித்தது, பழக்கமில்லாத என் கால் கொஞ்சம் தடுமாறியது. தெருவில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நாலு தடவை நிறுத்திப் பார்த்த பிறகுதான் மெயின் ரோட்டுக்குப் போனேன். முதல் சிக்னலில் வழக்கம்போல அழுத்தி மிதித்துவிட்டேன். டேஷ்போர்டு பிள்ளையார் உருண்டு காலடியில் விழுந்தார்.